பாட்டு சாட்சி சொல்லுமா? ஹட்டனில் கவிதையும் பேச்சும் ஒரே மேடையில் – யோசனை கேட்கிறேன்

கொழுந்துக்கூடை | ஞாயிறு இரவு 8.40

எல்லாருக்கும் வணக்கம். நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன குளிர்காலத்தில் மூன்று மாதம் ஸ்காபரோவில் தங்கச்சி வீட்டில் இருந்தேன். பனியில் தலைகாட்ட முடியாத ஒரு சாயந்தரம், "வீட்டுக்குள்ளேயே எவ்வளவு நேரம்தான் கிடப்ப" என்று பக்கத்து நூலகத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். முப்பது பேர்கூட இல்லை. முதற்குடிகளைச் சேர்ந்த ஓர் இளம்பெண் எழுந்து, கையில் தாள் இல்லாமல் ஒரு கவிதை சொன்னாள். பாடவில்லை, வாசிக்கவும் இல்லை. நம் தோட்டத்து லயத்து வீட்டு வரிசையில், தண்ணிக் குழாயடியில் சண்டை முற்றும்போது பேச்சுக்குத் தானாக ஒரு தாளம் வருமே, அதுபோல. அவள் பாட்டியைச் சின்ன வயதில் விடுதிப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிக்கொண்டு போனது, முடியை வெட்டியது, சொந்தப் பாஷையில் பேசியதற்கு அடித்தது. சொல்லி முடித்து உட்கார்ந்தாள். யாரும் கைதட்டவில்லை. தட்ட வேண்டாம் என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள்.

அடுத்து ஒரு வயசான வக்கீல் எழுந்து அதே விஷயத்தின் கணக்கைச் சொன்னார். இப்படிக் கொண்டுபோகப்பட்ட பிள்ளைகள் ஏறக்குறைய 150,000 பேர். கடைசிப் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டது 1990களில். உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு 2015இல் வேலையை முடித்தபோது 94 பரிந்துரைகள். பிறகு மறுபடி அவள். மறுபடி அவர். ஒரு மணி நேரம் இப்படியே போனது. தங்கச்சி பாதியிலேயே தூங்கிவிட்டாள், அது வேறு கதை.

அவர் சொன்ன ஒரு தொகை மண்டையிலேயே நின்றுவிட்டது. டொராண்டோ நகரம் நிற்கும் காணி, இரண்டரை லட்சம் ஏக்கர், மிசிசாகா மக்களிடமிருந்து 1805இல் எழுதி வாங்கப்பட்டதாம். விலை 10 ஷில்லிங். ஏக்கருக்கு இல்லை, மொத்தத்துக்கும். 2010இல்தான் கனடா அரசாங்கம் அந்த வழக்கைத் தீர்த்து 14.5 கோடி டொலர் கொடுத்தது.

வீட்டுக்கு நடந்து வரும்போது இதைத்தான் நினைத்தேன்: நம் இலங்கை மலையகத்தில் கோப்பித் தோட்டத்துக்குக் காட்டை விற்றதும் ஷில்லிங் கணக்கில்தானே. ஏக்கர் 5 ஷில்லிங், 1844இல் ஒரு பவுணாக ஏற்றும்வரை.

இந்த மாதிரி ஒன்றை ஹட்டனில் செய்ய ஆசை. ஒரு கவிதை, ஒரு பேச்சு, ஒரு கவிதை, ஒரு பேச்சு. தலைப்பு "பூர்வகுடி நீதி" என்று வைக்கலாமா, நமக்கு அது பொருந்துமா, யாரைப் பாடச் சொல்லலாம்? எதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

கவ்வாத்துக்கத்தி | ஞாயிறு இரவு 9.15

டீச்சர், மறைக்காம சொல்லச் சொன்னதால சொல்றேன். கவிதை சொன்னா வீடு கட்ட நாம கேக்குற ஏழு பேர்ச் காணி வருமா?

நாற்பது வருஷம் சங்கத்துல இருந்தவன். கவியரங்கம் வைக்காத மே தினம் கிடையாது. ஆயிரம் ரூபா நாள் சம்பளத்துக்கு எத்தனை வருஷம் ரோட்டுல நின்னோம், கடைசியில 2021ல வந்துச்சு, அப்போ அந்த ஆயிரத்துக்குப் பெறுமதியே இல்லை. 1,350 ஆகுறதுக்கு 2024 வரைக்கும் இழுத்துச்சு. இதுல எந்தக் கட்டத்துலயும் கவிதையால ஒரு ரூபா கூடினதா எனக்கு ஞாபகம் இல்லை.

இன்னொண்ணு. "எங்கள் இரத்தம்தான் உங்கள் கோப்பையில் தேநீராகிறது" அப்படின்னு இன்னும் ஒருத்தர் மேடையில சொன்னா நான் எழுந்து வெளிய போயிடுவேன். அந்த வரியை நான் மட்டும் முந்நூறு தடவை கேட்டிருக்கேன்.

சிங்கமலைச் சுரங்கம் | ஞாயிறு இரவு 9.31

அண்ணே 😄 அந்த வரி என் பள்ளிக்கூட டயரியிலயும் இருக்கு. மன்னிச்சிடுங்க.

மகாவலிக்கரை | ஞாயிறு இரவு 11.02

பேராதனையில் சட்டம் படிக்கிறேன், அதனால் கொஞ்சம் அலட்டல் இருக்கும். கவ்வாத்துக்கத்தி ஐயாவின் கேள்விக்குத்தான் பதில்.

கனடாவிலேயே, டொராண்டோவுக்கு மறுகோடியில், பிரிட்டிஷ் கொலம்பியாவில் கிட்க்சான், வெட்சுவெட்டன் என்று இரண்டு மக்கள். அவர்களின் பரம்பரைத் தலைவர்கள் 58,000 சதுர கிலோமீட்டர் நிலத்துக்கு வழக்குப் போட்டார்கள். "டெல்கமூக் வழக்கு" என்று எங்களுக்குப் பாடமாகவே வருகிறது. அவர்களிடம் உறுதி, தோம்பு என்று பழைய காணிப் பத்திரம் எதுவும் கிடையாது. முக்கியமாக இருந்தது பாட்டும் கதையும்தான். கிட்க்சான் மக்கள் ஒவ்வொரு குடும்பத்துக்கும் "அடாவ்க்" என்று ஒரு வாய்மொழி வரலாறு வைத்திருக்கிறார்கள். எந்த ஆறு, எந்த மலை, எந்தப் பஞ்சத்தில் யார் எங்கே போனார், அந்த இடத்துக்கு யார் பொறுப்பு எல்லாம் அதற்குள் இருக்கும். கண்ட இடத்தில் கண்டவர் சொல்ல முடியாது. விருந்து வைத்து, சாட்சிகள் முன்னால், உரிமையுள்ளவர்தான் சொல்லவேண்டும்.

1987இல் மேரி ஜோன்சன் என்ற முதியவர் சாட்சிக் கூண்டில் ஏறினார். அவருடைய அடாவ்க்கில் ஒரு பாட்டு வருகிறது, அதைப் பாடவேண்டும் என்று வக்கீல் சொன்னார். நீதிபதி மக்கீச்சன் தயங்கினார். எழுதிக் கொடுத்தால் போதாதா என்று கேட்டார், தனக்குத் தகரக் காது, பாடிக் காட்டிப் பயனில்லை என்றும் சொன்னார். 1991 தீர்ப்பில் அந்த வாய்மொழிச் சாட்சியங்களுக்கு அவர் பெரிய பெறுமதி கொடுக்கவில்லை, வழக்குத் தோற்றது. ஆனால் 1997 டிசம்பர் 11இல் உச்ச நீதிமன்றம் அது பிழை என்றது. வாய்மொழி வரலாற்றை ஏட்டுச் சாட்சியத்தோடு சமமாக வைத்துப் பார்க்கவேண்டும் என்று சொல்லி, புது விசாரணைக்கு அனுப்பியது.

கவனியுங்கள், நிலம் கிடைத்தது என்று நான் சொல்லவில்லை. பாட்டைச் சாட்சியாகக் கேட்டே ஆகவேண்டும் என்று ஆனது, அவ்வளவுதான். அந்த "அவ்வளவுதான்" அதற்குப் பிறகு வந்த பல வழக்குகளைத் தூக்கி நிறுத்தியிருக்கிறது.

ஆகவே டீச்சர், மேடையில் கவிதையை ஊறுகாய் மாதிரி வைக்காதீர்கள். பேச்சு சோறு, கவிதை தொட்டுக்கொள்ள என்றால் ஐயா சொல்வதுதான் சரி, வேண்டவே வேண்டாம்.

கொழுந்துக்கூடை | திங்கள் காலை 5.50

பள்ளிக்கூடம் போகும் அவசரம். தம்பி, தகரக் காது என்பதை வகுப்பில் சொல்லப்போகிறேன். இரவு வருகிறேன்.

தென்திசைக்குளிர் | திங்கள் காலை 7.20

மெல்பேனிலிருந்து. பிறந்தது மஸ்கெலியா. மவுசாக்கலை நீர்த்தேக்கத்தில் தண்ணி வற்றினால் பழைய டவுனின் கோயில் வெளியே தெரியுமே, அந்த டவுனில் எங்கள் தாத்தாவுக்கு ஒரு தேநீர்க்கடை இருந்தது.

இங்கே இரண்டு விஷயம் பழகினேன், உங்களுக்கு உதவும்.

ஒன்று, எந்தக் கூட்டமும் "இது இன்ன மக்களின் மண்" என்று சொல்லித்தான் தொடங்கும். மண்ணுக்குரியவரே வந்து வரவேற்பது வேறு, மற்றவர் அவர்களை நினைந்து வணங்குவது வேறு. முதலாவதை நான் செய்யமுடியாது, இரண்டாவதை யாரும் செய்யலாம். எங்கள் தமிழ்ச் சங்கக் கூட்டம் ஒன்றில் ஒருவர் இரண்டையும் குழப்பி, "வருக வருக" என்று அந்த மக்கள் சார்பில் தானே வரவேற்றுவிட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு வியர்த்துவிட்டது.

இரண்டாவது கசப்பானது. 2017இல் உலுருவில் முதற்குடிகள் கூடி ஓர் அறிக்கை கொடுத்தார்கள். ஒரு பக்க அளவுதான், ஆனால் படிக்கும்போது கவிதையாகவே இருக்கும். நாடாளுமன்றத்துக்கு ஆலோசனை சொல்ல எங்களுக்கு ஒரு குரல் வேண்டும் என்று கேட்டார்கள். 2023 ஒக்டோபர் 14இல் சர்வசன வாக்கெடுப்பு. நூறில் அறுபது பேர் "இல்லை" என்றார்கள், ஆறு மாநிலமும் இல்லை. அந்த வருஷம் முழுக்க கவிதை நிகழ்ச்சிகளுக்குப் போனேன், மண்டபம் நிறைந்து வழிந்தது, எல்லாரும் அழுதோம். அழுதவர்கள் எல்லாருமே முதலிலேயே "ஆம்" காரர்கள். வெளியே இருந்த அறுபது பேர் காதில் ஒரு வரியும் விழவில்லை.

ஆகவே மண்டபத்துக்குள் யார் உட்காரப்போகிறார்கள் என்பதை முதலில் யோசியுங்கள். அங்கே சிங்களத்தில் கேட்க வழி செய்வீர்களா?

பிந்தனைக்காற்று | திங்கள் மதியம் 12.45

பதுளை மாவட்டம், மகியங்கனைப் பக்கம் வேலை. யாரும் தொடாததை நான் தொடுகிறேன், கோபிக்கவேண்டாம்.

இலங்கையில் "பூர்வகுடி நீதி" என்று பதாகை கட்டினால் அதில் முதலில் வரவேண்டிய பெயர் வன்னியலா எத்தோ, நாம் வேடர் என்று சொல்பவர்கள். தம்பானை இங்கிருந்து கூப்பிடு தூரம். மகாவலித் திட்டம் வந்தது, 1983இல் மாதுறு ஓயா தேசியப் பூங்கா வந்தது, வேட்டைக் காடு ஒரே நாளில் தடை செய்யப்பட்ட காடு ஆனது. நேற்றுவரை தேன் எடுத்தவர் இன்றைக்குக் குற்றவாளி. பல குடும்பங்களை ஹெனானிகலைக்குக் கொண்டுபோய்க் குடியேற்றினார்கள். தலைவர் தீசஹாமி மட்டும் தம்பானையை விட்டு அசையமாட்டேன் என்று இருந்தார். கிழக்கே வாகரைப் பக்கம் இருக்கும் வேடர்கள் நம்மைப் போலவே தமிழ் பேசுகிறார்கள். அவர்களை எந்தத் தமிழ் மேடையில் கூப்பிட்டிருக்கிறோம்?

டீச்சர் 5 ஷில்லிங் சொன்னார். அந்தக் காணி யாருடையது? 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடாகவோ தரிசாகவோ பயிரில்லாமலோ கிடக்கும் நிலமெல்லாம், மறுத்து நிரூபிக்கும்வரை, முடிக்குச் சொந்தம் என்றது. கண்டிக் கிராமத்தவருக்கு அது தரிசு இல்லை. காட்டை வெட்டிச் சேனைப் பயிர் செய்த இடம், மாடு மேய்ந்த இடம், விறகெடுத்த இடம். கையில் ஓலை இல்லை, அவ்வளவுதான். அப்படி எடுத்த மலையில்தான் நம் பாட்டனைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். நாம் எடுக்கவில்லை. ஆனால் எடுத்த இடத்தில் நிற்கிறோம்.

இறப்பர்ச்சீட்டு | திங்கள் பிற்பகல் 2.10

இதைத்தான் எதிர்பார்த்தேன். இருநூறு வருஷம் இந்த மண்ணுக்கு உரமாகப் போனவனிடம் வந்து "நீ பூர்வகுடி இல்லை" என்று சொல்வது 1948இல் குடியுரிமையைப் பறித்தவர்கள் பேசிய அதே பேச்சு. 18ஆம் இலக்கச் சட்டத்தையும் இப்படித்தான் நியாயப்படுத்தினார்கள். நம்ம ஆளே அதைச் சொன்னால் என்ன செய்வது?

பிந்தனைக்காற்று | திங்கள் பிற்பகல் 2.34

இந்த மண்ணுக்கு உரிமை இல்லை என்று நான் எங்கே சொன்னேன்? பூர்வகுடி என்றால்தான் உரிமை என்று வைத்துக்கொண்டால் நாம் அந்த வாதத்தில் தோற்றுவிடுவோம் என்கிறேன். நம் உரிமை வேறு ஆதாரத்தில் நிற்கிறது. உழைப்பு, பிறப்பு, எழுதிக் கொடுத்துவிட்டுப் பிறகு மீறிய வாக்கு. 1964 ஒப்பந்தத்தில் நம் சனத்தில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று இரண்டு பிரதமர்கள் பங்குபோட்டார்களே, அதில் ஒருத்தரையாவது கேட்டார்களா? மீதி 150,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று வைத்து, பத்து வருஷம் கழித்து ஆளுக்குப் பாதி எடுத்தார்கள். அது தனியாக ஒரு அநியாயம். அதற்கு இரவல் பெயர் எதற்கு?

இறப்பர்ச்சீட்டு | திங்கள் பிற்பகல் 2.41

வார்த்தை விளையாட்டு. தம்பானை போய் வந்துவிட்டால் பெரிய

மட்டுறுத்துநர் | திங்கள் பிற்பகல் 3.00

மேலே உள்ள பதிவின் பிற்பாதி நீக்கப்பட்டது. கருத்தோடு மோதுங்கள், ஆளோடு வேண்டாம்.

லயத்துக் காம்பரா | திங்கள் இரவு 10.18

நான் இங்கே எழுதுவது குறைவு. மகாவலிக்கரை எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு மணி நேரமாக அடுப்படியில் உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் அம்மாயிக்கு எண்பது தாண்டிவிட்டது. ஒப்பாரி சொல்வார். பக்கத்து டிவிஷனிலிருந்தும் வந்து கூட்டிக்கொண்டு போவார்கள், இப்போது கால் முடியாது. அவர் ஒப்பாரியில் எனக்குச் சின்ன வயதிலிருந்தே விளங்காத ஒரு விஷயம் இருந்தது. செத்தவர் யாராக இருந்தாலும், இடையில் தன் அண்ணன் குடும்பத்தைக் கொண்டுவந்துவிடுவார். எந்த லயத்தில் எந்தக் காம்பராவில் இருந்தார்கள், எத்தனாம் நம்பர் மலையில் பெரியவனுக்குக் கொழுந்து நிறுத்தார்கள், வாசலில் வைத்த பலா எந்தப் பக்கம் சாய்ந்தது, பாஸ்போர்ட்டில் எத்தனை பேர் பெயர் விழுந்தது, யார் பெயர் விழவில்லை, எல்லாம் வரிசையாக வரும். கடைசியில் கோச்சி (ரயில்) வரும். தலைமன்னாருக்குப் போகும் அந்தக் கோச்சியை எங்கள் ஆட்கள் ஒப்பாரிக் கோச்சி என்றுதான் சொல்வார்கள், ஸ்டேசனுக்கு ஸ்டேசன் அழுகை ஏறும். அங்கிருந்து கப்பலில் ராமேஸ்வரம்.

சாவு வீட்டில் ஏன் இந்தக் கதை என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறேன். "அதுக்கு அதுதான் சாவு" என்று சொன்னார். இன்றைக்குத்தான் வேறு மாதிரித் தோன்றுகிறது. அந்த லயம் இப்போது இல்லை, இடித்துவிட்டார்கள். தோட்டத்தில் பெயரும் சம்பளமும் எழுதிய செக்ரோல் புத்தகம் கறையான் தின்றிருக்கும். அண்ணன் குடும்பம் அங்கே வாழ்ந்தது என்று சொல்ல அம்மாயியின் வாய் மட்டும்தான் மிச்சம்.

இதையும் சொல்லிவிடுகிறேன். மூன்று வருஷத்துக்கு முன் எங்கள் தோட்டத்துப் பையன் ஒருவன் அம்மாயி சொன்னதைப் போனில் பதிந்து, கொஞ்சம் மாற்றி, ஒரு போட்டி மேடையில் நிகழ்த்துக் கவிதையாகச் சொன்னான். நன்றாகத்தான் சொன்னான். முதல் பரிசு. அந்த வீடியோவை யாரோ அம்மாயிக்குக் காட்டினார்கள். முழுதாகக் கேட்டார். முடியும் இடத்தில் சனம் எழுந்து நின்று கைதட்டி விசில் அடித்தது. அம்மாயி என்னைப் பார்த்து, "இது எங்கண்ணனுக்குச் சொன்னது. இவங்க யாரு, எதுக்குத் தட்டுறாங்க?" என்று கேட்டார். அதற்குப் பிறகு ஒரு வருஷம் யார் சாவுக்கும் வாய் திறக்கவில்லை.

கவ்வாத்துக்கத்தி | திங்கள் இரவு 10.40

படிச்சேன் தாயி. நாளைக்கு எழுதுறேன்.

மகாவலிக்கரை | திங்கள் இரவு 11.25

அக்கா, அடாவ்க்கை உரிமையுள்ளவர் மட்டும்தான் சொல்லலாம் என்று நான் எழுதியது ஏதோ சடங்கு மாதிரிதான் எனக்கே தெரிந்தது. ஏன் அப்படி வைத்தார்கள் என்று இப்போதுதான் புரிகிறது.

அந்தப் பையன்மேலும் எனக்குக் கோபம் வரவில்லை. அவனுக்குக் கேட்கவேண்டும் என்று யாரும் சொல்லித் தந்திருக்கமாட்டார்கள். நாட்டார் பாடல் என்றாலே ஊர்ச்சொத்து, எழுதியவர் பெயர் தெரியாது என்றுதானே பாடப்புத்தகத்தில் படிக்கிறோம்.

தப்புச்சத்தம் | செவ்வாய் காலை 6.30

டீச்சர், மேடையில் தப்பு மேளம் வைக்கிறதா இருக்கீங்களா? எப்படியும் யாராவது "மண்ணின் ஓசை"ன்னு அதைக் கேட்பாங்க. அதுக்கு முன்னாடியே சொல்லிடுறேன்.

எங்க அப்பா தப்படிக்கிறவர், தாத்தாவும் அப்படித்தான். ஒரு காலத்துல விடியக்காலை பிரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பேர் கூப்பிடுற இடத்துக்கு, ஆள் எழுப்புறதே தப்புச் சத்தம்தான். காமன் கூத்துக்கு அதே தப்பு, சாவுக்கும் அதே தப்பு. அப்பா காமன் கூத்துக்கு விடிய விடிய அடிப்பார். விடிஞ்சதும் சாயத்தண்ணி அவருக்குத் தனிக் கோப்பையில வரும். கோயில் திருவிழாவுல வாசலுக்கு வெளியே நிப்பார். இதைச் செஞ்சது துரை இல்லை, நம்ம சனம்.

இப்போ நிலைமை கொஞ்சம் மாறியிருக்கு, இல்லைன்னு சொல்லலை. ஆனா கனடாக்காரன் 10 ஷில்லிங் குடுத்தான்னு மேடையில பேசிட்டு, தப்புக்காரரை நிகழ்ச்சி முடிஞ்சதும் பின் வாசலால அனுப்பினா எனக்குத் தாங்காது. அப்பாவைக் கூப்பிட்டா, பேசுறவங்க உட்காரும் அதே வரிசையில நாற்காலி வேணும். பேச்சாளர் பேர் போடுற நோட்டீசுல அவர் பேரும் வேணும். காசும் வேணும், கவரில் போட்டு மெதுவா கையில் திணிக்காம.

கொழுந்துக்கூடை | செவ்வாய் காலை 6.55

ஒத்துக்கொண்டேன். மூன்றும்.

பழங்கடதாசி | செவ்வாய் முற்பகல் 11.10

நடப்பதைப் பார்த்தால் டீச்சர் புதுசாக எதையோ இறக்குமதி செய்வதுபோல இருக்கிறது. இல்லை. இந்த வடிவம் ஹட்டனுக்குப் பழசு.

கோ. நடேசய்யர் 1931இல் தோட்டத் தொழிலாளர் சம்மேளனம் தொடங்கினார். அவருடைய மனைவி மீனாட்சி அம்மை. கூட்டம் என்றால் முதலில் அம்மை பாடுவார், பிறகு ஐயர் பேசுவார். பாட்டு எல்லாருக்கும் தெரிந்த மெட்டில் இருக்கும். ஆனால் விஷயம் என்னவோ கூலி, துரைமார் கொடுமை, இந்தியர்களை வெளியேற்றும் பேச்சு. 1940இல் அந்தப் பாட்டுகளை அம்மை சின்னப் பிரசுரமாகவும் போட்டார். எழுத்து வாசிக்கத் தெரியாத சனத்திடம் அன்றைக்கு அதுதான் பத்திரிகை. பேச்சை மறந்துவிடுவார்கள், பாட்டை மலையில் கொழுந்து எடுக்கும்போது முணுமுணுப்பார்கள். கங்காணிக்கு அது வெறும் பாட்டு மாதிரித்தான் கேட்கும்.

அதனால் "ஸ்போக்கன் வேர்ட்" என்று நோட்டீசில் போடாதீர்கள், சனம் ஆங்கில வகுப்பு என்று நினைத்து வரும். போன தடவை இப்படி ஒரு நிகழ்ச்சிக்குப் போனேன், முன்வரிசையில் ஒரு அம்மா மகளை எப்போது ஆங்கிலம் பேச வைப்பீர்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

சிங்கமலைச் சுரங்கம் | செவ்வாய் மதியம் 12.05

"பாட்டும் பேச்சும்" போதுமே. பழைய சங்கக் கூட்டத்துக்குப் போற மாதிரி நம்ம தாத்தாமாரும் வருவாங்க.

கவ்வாத்துக்கத்தி | செவ்வாய் இரவு 8.20

முந்தாநேத்து சொன்னதை முழுசா வாபஸ் வாங்கலை. ஆனா மீனாட்சி அம்மை விஷயத்தைப் பழங்கடதாசி சொன்னதும் எங்க ஐயா ஞாபகம் வந்துச்சு, அவர் அந்தப் பாட்டுல ரெண்டு வரி வெச்சிருந்தார். எனக்கு மெட்டு மட்டும்தான் மிச்சம்.

டீச்சர், பேச்சுப் பகுதியை எனக்குக் குடுங்க. கணக்கு நான் சொல்றேன். முல்லோயாவுல 1940 ஜனவரி 10, சம்பளம் கேட்டதுக்குக் கோவிந்தன் சுடப்பட்டது. டெவன் தோட்டத்துல 1977 மே 11, ஏழாயிரம் ஏக்கரைப் பிரிச்சு வெளிய குடுக்கப் போனாங்க, தோட்டத்துச் சனம் வழிமறிச்சு நின்னுச்சு, சிவனு லெட்சுமணன் செத்தான். அந்தக் காணி அன்னைக்குப் போகலை. மீரியபெத்தையில 2014 ஒக்டோபர் 29, மலை இறங்கி லயத்தை மூடிச்சு, அபாயம்னு முன்னாடியே தெரிஞ்ச இடம்.

இந்த ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல ஒரு பாட்டு வரட்டும், ஆனா அந்த இடத்து ஆள் சொன்னதா இருக்கணும். அங்க போய்க் கேட்டு வாங்கணும். ஹட்டன்ல உட்கார்ந்து கற்பனையில மீரியபெத்தைக்கு அழக்கூடாது. போக வர பஸ் காசு நான் போடுறேன்.

பிந்தனைக்காற்று சொன்னதுலயும் நியாயம் இருக்கு. டெவன்ல காணியைக் கேட்டு வந்தவனும் காணி இல்லாத கிராமத்தான்தான். அவனையும் நம்மளையும் மோத விட்டது யாருங்கிறதை நான் பேச்சுல சொல்லாம விட்டா அது முழுக் கணக்கு இல்லை.

இறப்பர்ச்சீட்டு | செவ்வாய் இரவு 8.52

நேற்று சூடாகிவிட்டேன். பூர்வகுடி என்ற சொல்லை விட்டுக்கொடுக்க எனக்கு இன்னும் மனசில்லை, ஆனால் தலைப்பில் போடவேண்டாம் என்பதற்குச் சம்மதம். தம்பானைக்கு ஆள் அனுப்பிக் கூப்பிடுவது என்றால் வேன் என்னிடம் இருக்கிறது. பிந்தனைக்காற்று வழி சொன்னால் போதும்.

பிந்தனைக்காற்று | செவ்வாய் இரவு 9.05

வழி சொல்கிறேன், நானும் ஏறுகிறேன். கூப்பிட்டால் அவர்கள் வருவார்கள் என்று மட்டும் நினைத்துக்கொண்டு போகவேண்டாம். எத்தனையோ விழாக்களுக்குக் கோடாலியோடு நிற்க வைத்துப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். முதலில் போய் உட்கார்ந்து பேசுவோம். வரமாட்டோம் என்றால் சரி என்று திரும்பி வருவோம்.

கொழுந்துக்கூடை | செவ்வாய் இரவு 10.30

சரி, இப்போது என் தலையில் இருப்பது இதுதான். "பாட்டும் பேச்சும்", ஞாயிற்றுக்கிழமை, சாயந்தரம் இல்லாமல் காலையில், கடைசி பஸ் பிரச்சினை வராமல். கைதட்டு இல்லை. சிங்களத்தில் சொல்ல ஒரு ஆள் வேண்டும், கவிதையை அல்ல, கணக்கை. கவிதையை அவசரத்தில் மொழிபெயர்த்துக் கெடுப்பதைவிட அப்படியே கேட்க விடலாம் என்று நினைக்கிறேன், யாருக்காவது வேறு எண்ணம் இருந்தால் சொல்லுங்கள். பாட்டு யாருடையதோ அவர் மண்டபத்தில் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் அவர் வீட்டாரில் ஒருவராவது. போனில் பதிவது இல்லை. தொடக்கத்தில், இந்த மலை தோட்டமாவதற்கு முன் யார் சேனை வெட்டினார்கள் என்று இரண்டு வரி. வரவேற்பு இல்லை, நினைவூட்டல் மட்டும், தென்திசைக்குளிருக்கு மறுபடி வியர்க்காமல்.

மண்டபம் இன்னும் கிடைக்கவில்லை. ஒரு இடத்தில் கேட்டேன், கல்யாணத்துக்கு என்றால் தருவோம், "பேச்சு" என்றால் கடிதம் வேண்டும் என்றார்கள்.

லயத்துக் காம்பரா | புதன் இரவு 9.47

இன்றைக்கு அம்மாயியிடம் பேசினேன். எல்லாவற்றையும் சொன்னேன், டீச்சர் போட்ட நிபந்தனைகளையும். மேடை ஏறமாட்டேன் என்றார். கீழே பாய் போட்டால் உட்காருவாராம். மைக் வேண்டாம், கேட்கவேண்டியவர்கள் கிட்டே வந்து உட்காரட்டும் என்றார். அண்ணன் கதையைச் சொல்வாரா என்று கேட்டதற்குப் பதிலே இல்லை, வெற்றிலையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

பிறகு அந்தக் கனடா அம்மா கதையைச் சொன்னேன். கோர்ட்டில் பாடப் போனதும் நீதிபதி எழுதிக் கொடுக்கச் சொன்னதும். அம்மாயி கை நின்றுவிட்டது.

"பாட விட்டானா?"

எனக்குத் தெரியாது. மகாவலிக்கரை, கொஞ்சம் சொல்லு தம்பி. அம்மாயி இன்னும் தூங்கவில்லை.

மகாவலிக்கரை | புதன் இரவு 10.03

பாடினார் அக்கா. நீதிபதிக்கு இஷ்டமில்லைதான், ஆனால் அந்த மன்றத்திலேயே பாடினார்.

லயத்துக் காம்பரா | புதன் இரவு 10.11

சொன்னேன். "அப்ப சரி" என்று சொல்லிவிட்டு, எந்தக் கிழமை என்று கேட்டார்.